4 டிபி வன்தட்டில் 1678 ஜிபி கைக்கு எட்டவில்லை

மாறன்:
விண்டோஸ் 10 உள்ள பழைய கணினியில் இரண்டாவது வட்டாக 4 டிபி வன்தட்டைப் பொருத்தியிருக்கிறேன். வட்டு மேலாண்மையில் 2048 ஜிபி ஒரு பகுதியாகவும், 1678 ஜிபி ஒதுக்கப்படாத இடமாகவும் தெரிகிறது. அந்த இடத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தினால் எல்லாக் கட்டளைகளும் மங்கிக் கிடக்கின்றன. கூட்டினாலும் 4000 வரவில்லை. முதல் பகுதியில் குடும்பப் படங்களை ஏற்றிவிட்டேன். வட்டு பழுதா?

செழியன்:
வட்டு நன்றாக இருக்கிறது. இரண்டையும் கூட்டுங்கள்: 3726. தயாரிப்பாளர் கணக்கில் ஒரு டிபி என்றால் லட்சம் கோடி பைட். விண்டோஸ் 1024ஆல் வகுத்துக்கொண்டே போகிறது. 4 டிபி அதில் 3726 ஜிபி ஆகிவிடும். ஒரு பைட்டும் தொலையவில்லை.

உண்மையான சிக்கல் அந்த 2048. வட்டு எம்பிஆர் முறையில் தொடங்கப்பட்டிருக்கிறது. வட்டின் பகுதிகள் எங்கே இருக்கின்றன என்று குறிக்கும் அட்டவணை அது; 1983இல் டாஸ் 2.0 இயங்குதளத்துடன் வந்தது. வட்டு செக்டர் என்ற சிறு துண்டுகளாகப் பிரிந்திருக்கும்; செக்டர் எண்ணை எழுத அந்த அட்டவணையில் 32 பிட் மட்டுமே உண்டு. ஏறத்தாழ 429 கோடி செக்டர், ஒவ்வொன்றும் 512 பைட்; பெருக்கினால் சரியாக 2048 ஜிபி. அதற்கு அப்பால் உள்ள இடத்தை எண்ணிட்டுக் குறிக்கவே வழியில்லை. ஜிபிடி என்ற புதிய வகை அட்டவணை 64 பிட்டில் எழுதுகிறது, அந்தத் தொல்லை இல்லை.

படங்களை முதலில் வேறொரு வட்டில் நகலெடுங்கள். நாலைந்தைத் திறந்தும் பாருங்கள். இதை முடிக்கும் வரை வேறு எதையும் தொடாதீர்கள். பிறகு பகுதியை நீக்கிவிட்டு, வட்டின் பெயர்மேல் வலது பொத்தானை அழுத்தினால் ஜிபிடிக்கு மாற்றும் கட்டளை உயிர்பெறும்.

மாறன்:
என் கணினியைத் துவக்கும் மென்பொருள் புதிய யூஇஎஃப்ஐ இல்லை, பழைய பயாஸ்தான். ஜிபிடி வேலை செய்யுமா?

கயல்:
செய்யும். விண்டோஸைத் துவக்கும் வட்டு ஜிபிடியாக இருந்தால்தான் யூஇஎஃப்ஐ தேவை. தரவு வட்டுக்குத் தேவையில்லை. எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியை யாராவது பரிந்துரைத்தால் விட்டுவிடுங்கள், அது விண்டோஸ் இருக்கும் வட்டுக்கு மட்டுமே.

செழியன்:
கயல் சொல்வது சரி. இன்னொன்று: இதே வட்டை, வெளியிலிருந்து கணினியில் இணைக்க உதவும் பழைய யூஎஸ்பி பெட்டியில் போடாதீர்கள். சில பெட்டிகளின் சிப் 32 பிட்டைத் தாண்டாது. அதில் 3 டிபி வட்டு வெறும் 746 ஜிபி என்று காட்டும், ஏனென்றால் 2048ஐத் தாண்டியதும் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கிவிடுகிறது. அங்கே அட்டவணையை மாற்றிப் பயனில்லை, பெட்டியைத்தான் மாற்ற வேண்டும்.