அக்னி நட்சத்திரத்துக்கு வாசல்ல தண்ணீர்ப் பானை: எப்படி வைக்கிறது?

மஞ்சக்குப்பம்_வாசி:
வணக்கம். மே 4 வாக்குல அக்னி நட்சத்திரம் தொடங்குது. முடியற வரைக்கும் கடலூர்ல எங்க வீட்டு வாசல்ல 20 லிட்டர் பானை ரெண்டு வைக்கப் போறோம். ஆட்டோக்காரங்க, தூய்மைப் பணியாளர்கள், கூடை தூக்கி வர்ற அம்மாக்கள்னு வெயில்ல அலையிறவங்க நிறைய பேர் போற தெரு. எந்தத் தண்ணி ஊத்தலாம்? பானையை எப்படிப் பார்த்துக்கணும்? மோரும் வைக்கலாமா?

கெடிலக்கரை:
நல்ல காரியம், அவசியம் செய்யுங்க. புதுப் பானையில மூணு நாள் தண்ணி ஊத்தி, தினமும் மாத்துங்க. மண்வாடை போயிடும், ஓட்டை இருந்தாலும் தெரிஞ்சிடும். தண்ணி வெளிப்பக்கம் கசிஞ்சு ஆவியாகிறதாலதான் பானை குளிருது. அதனால பெயிண்ட் அடிச்ச பானை அழகா இருந்தாலும் வாங்காதீங்க, துளையெல்லாம் அடைஞ்சிருக்கும். நாலு விரல் உயரம் மணல் பரப்பி, அதுமேல பானையை வச்சு, கோணிச்சாக்கு சுத்தி, ரெண்டையும் ஈரமாவே வச்சிருங்க. நிழல் மட்டும் போதாது, காத்தும் படணும். மேல்காத்து அடிக்கிற வரைக்கும் நல்லா குளிரும். கடல்காத்து இறங்கினா ஈரப்பதம் ஏறி, குளிர்ச்சி குறையும். அது பானையோட குறை இல்லை.

கழுவ சோப்பு வேண்டாம், மண்ணு உறிஞ்சிக்கும். ராத்திரி காலி பண்ணி, தேங்காய் நாரால தேய்ச்சுக் கவிழ்த்து வைங்க. உப்பு போர் தண்ணி ஊத்தினா வெள்ளையா படிஞ்சு துளை அடைஞ்சிடும்.

முதுநகர்_அக்கா:
தண்ணி விஷயம். தினம் 40 லிட்டர் காய்ச்ச அரை கிலோ கேஸ் போகும். அதாவது 25 நாள்ல முக்கால் சிலிண்டருக்கு மேல. கட்டுப்படியாகலைன்னா கேன் தண்ணி, இல்லைன்னா மாநகராட்சிக் குழாய்த் தண்ணியில குளோரின் மாத்திரை. எத்தனை லிட்டருக்கு ஒண்ணுன்னு அட்டையிலேயே போட்டிருக்கும். போட்டு அரை மணி நேரம் கழிச்சுதான் குடிக்கக் கொடுக்கணும். கலங்கல் தண்ணியில குளோரின் சரியா வேலை செய்யாது, முதல்ல தெளிய வச்சு நாலு மடிப்புத் துணியில வடிகட்டுங்க.

எல்லாம் கெடுறது டம்ளர் முக்குற இடத்துலதான். ஒருத்தர் விரல் பட்டா போச்சு, அதனால குழாய் வச்ச பானையா வாங்குங்க. 2019 ஜனவரி 1லேருந்து பிளாஸ்டிக் கப்பும் பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பும் தடை. எவர்சில்வர் டம்ளர் ரெண்டு சங்கிலியில போதும், அண்ணாந்து குடிக்கலாம். யாரா இருந்தாலும் அதே டம்ளர்தான், தூய்மைப் பணியாளருக்குன்னு தனியா எடுத்து வைக்கிற வேலையே கூடாது. பானையை கேட்டுக்கு வெளியே வைங்க, உள்ளே வந்து குடிக்க நிறைய பேர் கூச்சப்படுவாங்க. "யாரும் குடிக்கலாம்"னு பெரிய எழுத்துல ஒரு பலகையும் மாட்டுங்க.

பாதிரிப்புலியூர்_தாசன்:
கல்லோட கட்டிக் கடல்ல போட்ட அப்பர் (திருநாவுக்கரசர்) கரையேறின ஊரு நம்மது. அவர் பேர்லதான் அவரோட அடியார் அப்பூதியடிகள் திங்களூர்ல தண்ணீர்ப் பந்தல் வச்சார். நம்ம ஊர்ல தெருவுக்கு ஒண்ணு இருக்க வேண்டாமா!

மோர் தாராளமா வைக்கலாம். ஒரு லிட்டர் தயிருக்கு நாலு லிட்டர் தண்ணி, தலை தட்டின மூணு டீஸ்பூன் உப்பு. இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலையை அரைச்சு வடிகட்டி ஊத்துங்க, திப்பி குழாய்ல அடைக்கும். பதினோரு மணிக்கு அஞ்சு லிட்டர், ரெண்டு மணிக்கு அஞ்சு லிட்டர்னு கலக்குங்க. மொத்தமா கலந்தா மதியத்துக்குள்ள புளிச்சிடும். தண்ணீர்ப் பானையில மோர் ஊத்தாதீங்க, எவர்சில்வர் தூக்கு போதும். துறைமுகத்துல மீனுக்குப் போடுற ஐஸை எதுலயும் கலக்கவே கூடாது, அது குடிதண்ணியில செஞ்சது இல்லை.

ஆளுக்கு 350 மில்லின்னா ஒரு பானை ஐம்பது பேர் தாண்டினதும் காலி. வெயில் உச்சிக்கு வர்ற பன்னிரண்டரை மணிக்கு யார் ரொப்பறதுன்னு இப்பவே முடிவு பண்ணிக்குங்க. பெரும்பாலான பந்தல் அந்த நேரத்துலதான் வறண்டு கிடக்கும்.

முதுநகர்_அக்கா:
ஒண்ணு விட்டுப்போச்சு. யாராவது மயங்கி விழுந்தா வாயில தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குப் போயிடும். நிழல்ல ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, கழுத்துலயும் அக்குள்லயும் ஈரத்துணி போட்டு விசிறிக்கிட்டே 108க்குப் போன் போடுங்க.