'தி கிரௌன்' ஆபர்வான் எபிசோட்: வில்சனுக்கு ஏன் இவ்வளவு நல்ல பெயர்?

தேன்கூடு:
பிரிட்டன் ராணி இரண்டாம் எலிசபெத்தைப் பற்றிய 'தி கிரௌன்' தொடரில், மூன்றாவது சீசனின் மூன்றாவது எபிசோடைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பார்க்காதவர்களுக்கு: 1966 அக்டோபர் 21, வேல்ஸில் ஆபர்வான் என்ற சுரங்க ஊர். மலைமேல் குவித்து வைத்திருந்த நிலக்கரிக் கழிவு சரிந்து வந்து பான்ட்கிளாஸ் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டது. 144 பேர் செத்தார்கள், அதில் 116 பேர் குழந்தைகள். அந்தச் சரிவு வரும் வரை நெஞ்சைப் பிசைகிறது. அதற்கப்புறம் கதை, ராணிக்கு அழுகை வருமா வராதா என்பதற்குப் போய்விடுகிறது. கடைசியில் "எனக்கு அழ வரவில்லை" என்று பிரதமர் ஹெரால்ட் வில்சனிடம் அவர் மனம் திறக்க, வில்சனும் தன் வேஷத்தைச் சொல்கிறார்: தனக்குப் பிடித்தது சுருட்டு, பைப் எல்லாம் ஜனங்களுக்காக. அவ்வளவு கனிவான மனிதர்! எனக்குக் கோபம் வந்தது அந்தக் காட்சியில்தான். இதே வில்சன் ஆட்சியில்தான் 1968இல், ஊருக்கு மேலே மிச்சமிருந்த கழிவு மேடுகளை அகற்றுவதற்கு, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்காக ஜனங்கள் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு வாங்கினார்கள்.

படிக்கட்டு:
1968இல் நடந்ததை 1966 கதையில் எங்கே வைப்பது? தொடரின் பெயரே கிரௌன். ராணியின் தங்கை கணவர் ஸ்னோடன் பிரபு உடனே கிளம்பிப் போனார், ராணியின் கணவர் பிலிப் மறுநாள் போனார், ராணி எட்டு நாள் கழித்து 29ஆம் தேதிதான் போனார். அந்த எட்டு நாள் தயக்கத்தைத்தான் பீட்டர் மார்கன் எழுதியிருக்கிறார். ஒரு மணி நேரத்துக்குள் அதை ஆழமாகச் சொன்னதே பெரிது. வில்சன் அன்று சாயங்காலமே ஆபர்வானுக்குப் போனவர், விசாரணைத் தீர்ப்பாயம் அமைத்ததும் அவர் அரசுதான். இதையும் சேர்த்துத்தானே எடைபோட வேண்டும்?

கார்முகில்:
என் சண்டை வேறு. ஆபர்வானில் ராணி காய்ந்த கண்ணைக் கைக்குட்டையால் ஒற்றி, அழுததுபோல் காட்டிக்கொள்வதாக ஒரு ஷாட் இருக்கிறது. நிஜத்தில் ராணி கண்கலங்கியதாக அங்கே இருந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். 2019இல் தொடர் வந்தபோது அவர் உயிரோடு இருந்தார். உயிரோடு இருப்பவரின் துக்கத்தை நடிப்பு என்று காட்ட இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? தாமதமாகப் போனதற்காக அவர் பின்னாளில் வருந்தியதாகச் சொல்வார்கள். திரும்பத் திரும்ப அந்த ஊருக்குப் போனார், 2012இல்கூட.

படிக்கட்டு:
கார்முகில், அந்த ஷாட்டை எடுத்துவிட்டால் எபிசோடே இல்லை. கடைசியில் துக்கச் சடங்கில் ஊரார் பாடிய பாட்டின் பதிவை ராணி தனியாக உட்கார்ந்து கேட்கிறாரே, ராணியாக நடித்த ஒலிவியா கோல்மன் முகத்தில் ஒன்றுமே அசையாமல் இருந்து ஒரே ஒரு துளி வருகிறதே, முதலில் அந்தக் கண் காய்ந்திருந்ததால்தான் இது நம்மை உலுக்குகிறது. நாடகத்துக்கு இந்தச் சுதந்திரம் உண்டு.

தேன்கூடு:
கோல்மன் நடிப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இத்தனை திறமையும் யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் கேள்வி. எபிசோட் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு ராபென்ஸ் பிரபுவின் பெயர் மனதில் நின்றது? சுரங்கங்களை நடத்திய அரசு அமைப்பான தேசிய நிலக்கரி வாரியத்தின் தலைவர். குழந்தைகளைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தபோது சர்ரே பல்கலைக்கழகத்தில் வேந்தர் பதவி ஏற்றுக்கொண்டிருந்தார். சரிந்தது ஏழாம் எண் மேடு. அதை நீரூற்றின்மேலேயே கொட்டியிருந்தார்கள். மலையில் ஊற்று இருப்பது யாருக்கும் தெரியாது என்றார் ராபென்ஸ். ஊர்க்காரர்களுக்குத் தெரியும், வரைபடத்திலும் இருந்தது. பள்ளிக்குப் பின்னால் சகதி கொட்டுவது ஆபத்து என்று நகராட்சிப் பொறியாளர் 1963இலேயே எழுத்தில் எச்சரித்திருந்தார். தீர்ப்பாயம் 76 நாள் உட்கார்ந்து, பழி முழுக்க வாரியத்தின்மேல் என்று 1967இல் சொன்னது. ஒருத்தருக்கும் வேலை போகவில்லை. ராபென்ஸ் ராஜினாமா கொடுத்தார், அரசு ஏற்கவில்லை, 1971 வரை அதே நாற்காலி.

செத்துப்போன ஒரு குழந்தைக்கு வாரியம் கொடுத்த இழப்பீடு 500 பவுண்டு. நிவாரண நிதியிலிருந்து பெற்றோருக்குக் கொடுப்பதற்குக்கூட, அவர்கள் அந்தக் குழந்தையோடு நெருக்கமாக இருந்தார்களா என்று பார்க்க வேண்டும் என்றது, இப்படிப்பட்ட நிதிகளைக் கண்காணிக்கும் அறக்கட்டளை ஆணையம். பிள்ளையை மண்ணிலிருந்து எடுத்த தாயிடம் போய்க் கேட்கிற கேள்வியா இது? அழ முடியவில்லை என்று ஒரு ராணி தவிப்பதைவிட நூறு மடங்கு நாடகம் இதில் இருக்கிறது.

படிக்கட்டு:
அது வேறொரு தொடர், அதை எடுத்தால் முதல் ஆளாக உட்கார்ந்து பார்ப்பேன். ஆனால் இந்த எபிசோட் வந்த பிறகுதானே பல நாடுகளில் ஆபர்வான் என்ற பெயரையே முதல்முறையாகத் தேடிப் படித்தார்கள்? நிதி விவகாரத்தைப் பற்றி நான் வாசித்ததும் அதற்கப்புறம்தான். வாசலைத் திறந்துவிட்ட எபிசோடைக் குற்றவாளி ஆக்காதீர்கள்.

கார்முகில்:
தேடிப் படித்தவர்கள் சரி. படிக்காதவர்களுக்கு ராணி பொய்யாகக் கண் துடைத்தவர்தான். அதைப் பற்றி இன்னும் பதில் வரவில்லை.

தேன்கூடு:
படிக்கட்டு, வாசல் திறந்தது உண்மை. ஆனால் உள்ளே போனதும் முதலில் எதிரே நிற்பவர் அந்த நல்ல மனசுக்கார வில்சன். ராணியைத் தேற்றுகிற வார்த்தைகளை வேறு யார் வாயில் வைத்திருந்தாலும் நான் பேசாமல் இருந்திருப்பேன். அந்த 1,50,000 பவுண்டு திரும்பி வந்தது 1997இல், வட்டி இல்லாமல். 2007இல்தான் வேல்ஸ் அரசு 20 லட்சம் பவுண்டு கொடுத்தது. அதைப் பார்க்காமலே எத்தனை பெற்றோர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்?