தும்பா பற்றிப் பேசும்போது சோடியம் மேகத்தை எப்படிக் காட்டுவது?

கேரளக் கடற்கரையிலுள்ள தும்பாதான் இந்தியாவின் முதல் ராக்கெட் ஏவுதளம். அங்குள்ள மகதலேனா மரியாள் தேவாலயம் இப்போது விண்வெளி அருங்காட்சியகம். 1963 நவம்பர் 21-இல் நைக்கி-அப்பாச்சி ராக்கெட் சுமார் 200 கி.மீ. உயரம் வரை ஏறி, சோடியம் ஆவியை மேகமாகப் பரப்பிய கதையைச் சொன்னதும் கூட்டத்திலிருந்து வரும் முதல் கேள்வி, "ஏன் சாயங்காலம் 6.25-க்கு?" இதற்கு வாயால் பதில் சொன்னால் நிற்காது, செய்து காட்டணும்.

30 செ.மீ. விட்டமுள்ள பூகோள உருண்டை, ஒரு குண்டூசி, ஒரு டார்ச் போதும். டார்ச்தான் சூரியன், ஊசித் தலைதான் மேகம். அந்த அளவில் 200 கி.மீ. உயரம் என்பது 5 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. ஊசியைத் தும்பா இருக்குமிடத்தில் குத்தி, தலை மட்டும் அந்த உயரத்தில் நிற்கும்படி விடுங்கள். அறையை இருட்டாக்கி, உருண்டையை மேற்கிலிருந்து கிழக்காக மெதுவாகத் திருப்புங்கள். ஊசி நிழலுக்குள் போன பிறகும் தலை மட்டும் மின்னும். வெளிச்ச எல்லையிலிருந்து கிட்டத்தட்ட மூன்றரை செ.மீ. தாண்டும்வரை மின்னும். அந்த இடத்தில் கூட்டம் தானாகவே "ஓ!" என்று சொல்லும்.

கெடுவது பெரும்பாலும் டார்ச்சால்தான். அரை மீட்டரில் பிடித்தால் ஒளி விரிந்து போய், பாதி உருண்டைகூட வெளிச்சமாகாது. 3 மீட்டராவது தள்ளி, உருண்டையின் நடுமட்டத்தில் பிடிக்கணும். பின்சுவர் வெள்ளையாக இருந்தால் அதிலிருந்து திரும்பும் ஒளியே இரவுப் பக்கத்தைக் கெடுத்துவிடும், கறுப்புத் துணி கட்டுங்கள். குண்டூசித் தலையும் பெரிதாக இருக்கக்கூடாது.

*

இதோடு கணக்கையும் சொல்லிவிடலாம். நவம்பரில் அங்கே சூரியன் ஆறு மணியை ஒட்டி மறைகிறது. 6.25-க்கு அது அடிவானத்துக்குக் கீழே சுமார் ஆறு பாகை. அப்போது பூமியின் நிழல் தலைக்கு மேலே ஏறத்தாழ 40 கி.மீ. வரைதான் எட்டியிருக்கும். அதற்கு மேலே பகல். தரையில் நிற்பவருக்கு வானம் மங்கல், மேகம் மட்டும் பளிச்.

ஆனால் சோடியம் "எரிகிறது" என்று சொல்லிவிடாதீர்கள். அடிக்கடி நடக்கும் தவறு இது. உப்புப் போட்ட ரசம் பொங்கி வழிந்ததும் அடுப்பின் நீலச் சுடர் மஞ்சளாகிறதே, அது சோடியம் வெப்பத்தால் ஒளிர்வது. மேலே நடப்பது வேறு: ஆவியாய்ப் பரவிய சோடியம் சூரிய ஒளியில் அதே மஞ்சளை, 589 நானோமீட்டர் அலைநீளத்தை, உறிஞ்சி உடனே திருப்பி வீசுகிறது. நிறம் ஒன்று, வேலை வேறு. ரசத்தைச் சொன்னால் நிறம் மனதில் பதியும், அதனால் நான் அதை விடமாட்டேன். அடுத்த வாக்கியத்திலேயே திருத்திவிடணும், அவ்வளவுதான்.

மேகம் எதற்கு என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். அது காற்றோடு நகரும். இரண்டு இடங்களிலிருந்து ஒரே நேரத்தில், பின்னால் நட்சத்திரங்கள் தெரியும்படி படமெடுத்தால், அந்த உயரத்துக் காற்றின் திசையும் வேகமும் கிடைத்துவிடும்.

*

தும்பா பேச்சில் வழக்கமாகக் காட்டப்படும் இரண்டு படங்களைப் பற்றி. சைக்கிளில் ராக்கெட்டின் கூம்பைத் தள்ளிப்போகும் படத்தை 1963-க்கு ஒட்டிவிடுகிறார்கள். அது 1966-இல் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் எடுத்தது. மாட்டுவண்டிப் படம் தும்பாவே அல்ல. வண்டியில் இருப்பது 1981-இல் ஏவப்பட்ட, 'ஆப்பிள்' (APPLE) என்ற இந்தியத் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள். அதன் ஆன்டெனாவைச் சோதிக்கும்போது சுற்றிலும் உலோகம் இருக்கக்கூடாது. லாரியின் இரும்பு ரேடியோ அலைகளைத் திருப்பியடிக்கும், மரவண்டி அடிக்காது. ஏழ்மையின் அடையாளமாக அந்தப் படத்தைக் காட்டுவதைக் கேட்டால் மனசு வலிக்கிறது. அது பொறியாளர் யோசித்து எடுத்த முடிவு.

தும்பாவைத் தேர்ந்தெடுத்த காரணம் காந்த நடுக்கோடு. "நடுக்கோடு" என்றதும் பலருக்கும் நிலநடுக்கோடு ஞாபகம் வரும். தும்பா அதற்கு வடக்கே எட்டரை பாகையில் இருக்கிறது. மேலும் கீழும் சாயக்கூடிய காந்த ஊசி ஒன்றை வைத்து, காந்த நடுக்கோட்டில் அது தரைக்கு இணையாகக் கிடக்கும், வடக்கே போகப்போக முனை கீழே சாயும் என்று சட்டக்காந்தத்தின் மேல் நகர்த்திக் காட்டுங்கள். காந்தத்தின் நடுவில் ஊசி படுத்துக்கொள்ளும். ராக்கெட் அனுப்பி ஆராய விரும்பிய மின்னோட்டப் பட்டை, அதாவது சுமார் 100 கி.மீ. உயரத்தில் வளிமண்டலத்தில் பாயும் மின்சாரம், ஓடுவது அந்தக் கோட்டை ஒட்டித்தான்.