நல்ல படம்னு எதை வச்சுச் சொல்றது? குறும்படப் போட்டிக்குத் தேர்வு

குருசடிமுக்கு:
மார்த்தாண்டம் பக்கம் ஒரு வாசகசாலை சார்பா குறும்படப் போட்டி வைக்கிறோம். எல்லாம் 15 நிமிஷத்துக்கு உள்பட்ட படங்கள், தேர்வுக் குழுவில் நாலு பேர். "நல்லாருக்கு", "லேக்" (இழுவை), "மேக்கிங் சூப்பர்", இந்த மூணைத் தாண்டிப் பேச்சு நகரமாட்டேங்குது. ஒரு படத்தை நல்ல படம்னு சொல்ல, கையில் பிடிச்சுக் காட்டுற மாதிரி எதைப் பாக்கணும்? நல்ல கருத்து சொன்ன படத்துக்குக் கூடுதல் மார்க் உண்டா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாலமோர்:
கருத்துக்கு மார்க் போடாதீர்கள். கடைசிக் காட்சியில் ஒரு பெரியவர் வந்து கருத்தை வாயால் சொல்ல வேண்டியிருந்தால், அதற்கு முந்தைய 12 நிமிஷமும் வேலை செய்யவில்லை என்று பொருள்.

பார்ப்பவனுக்கு எதை, எப்போது, யார் வழியாகத் தெரியவிடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். பாதிப் படம் அதில்தான் இருக்கிறது. ஒரு உதாரணம்: கடலுக்குப் போக வள்ளத்தில் ஏறுமுன் ஒருவன் இன்ஜினுக்கான மண்ணெண்ணெய் கேனை ஆட்டிப் பார்க்கிறான். கால்வாசிதான். "போதும்" என்று வள்ளத்தைத் தள்ளிவிடுகிறான். அடுத்த ஷாட்டில் அவன் மனைவி மீன்குழம்புக்குத் தேங்காய் அரைக்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, நமக்குத் தெரியும். அம்மியின் சத்தமே அடிவயிற்றைக் கலக்கும். இப்போது இரண்டு ஷாட்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். தேங்காய் அரைப்பது வெறும் தேங்காய் அரைப்பதாகிவிடும். நடிப்பும் கேமராவும் மாறவில்லை, வரிசை மட்டும்தான் மாறியது.

தேர்வுக்கு இரண்டு சோதனை போதும். 12 நிமிஷப் படம் என்றால் இரண்டாவது நிமிஷ முடிவில் நிறுத்தி, "இவருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது" என்று நாலு பேரும் தனித்தனியே ஒரு வரி எழுதுங்கள். வேண்டுமென்றே மறைத்து வைக்கிற படமும் உண்டு. அப்போதும் "எதையோ மறைக்கிறார்கள்" என்ற வரியாவது நாலு பேருக்கும் வர வேண்டும். நாலு பேரும் நாலு திசையில் எழுதினால் இயக்குநருக்கே தெளிவில்லை. இரண்டாவது, காட்சிக்கு ஒரு சீட்டாக எழுதிப் பரப்பி, ஒன்றை உருவுங்கள். அடுத்த காட்சி தடுமாறாமல் நின்றால், உருவிய காட்சி அதிகப்படி. தொடக்கத்தில் 40 விநாடி மாத்தூர் தொட்டிப்பாலத்தை ட்ரோனில் சுற்றிக் காட்டுவது இந்தச் சோதனையில் எப்போதும் தோற்கும். பாலம் அழகுதான், அதற்குப் படம் என்ன செய்யும்?

முட்டம்காத்து:
பாலமோர் அண்ணாச்சி சொன்னது சரி, ஆனா சத்தத்தை விட்டுட்டாரு. படம் கொஞ்சம் மங்கலா இருந்தா ஜனங்க பொறுத்துக்குவாங்க. பேச்சு விளங்கலன்னா ரெண்டாவது நிமிஷத்துல கையில போன் வந்துரும்.

நம்ம கடற்கரைப் படங்கள்ல தவறுற இடம் இதுதான். மைக் மேல வெறும் ஸ்பாஞ்ச் உறைய மாட்டிக்கிட்டு முட்டத்துலயோ குளச்சல்லயோ வசனம் எடுப்பாங்க. அந்தக் காத்துக்கு ஸ்பாஞ்ச் காணாது, முடி உறை வேணும். 80லேருந்து 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டினா காத்தோட உறுமல் குறையும். ஆனா பதிவாகும்போதே அளவு உச்சத்துல முட்டி உடைஞ்ச சத்தத்தை எந்த மென்பொருளும் முழுசா மீட்காது. அதனால பேச்சின் உச்சம் ரெக்கார்டர் மீட்டர்ல மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிக்கற மாதிரி வச்சுக்கறது வழக்கம். அலைச் சத்தம் இன்னும் மோசம். தாழ்ந்த சுரத்துலேருந்து உயர்ந்த சுரம் வரை எல்லாத்துலயும் பரவி நிக்கும். அதைக் குறைக்கப் போனா பேச்சுல உள்ள "ச", "ஸ" எல்லாம் கூடவே போயிரும். விவரம் உள்ளவங்க அலையை அகல ஷாட்டுல காட்டிட்டு, வசனத்தை வள்ளத்தோட மறைவுல, சட்டைக்குள்ள வச்ச லேப்பல் மைக்குல எடுப்பாங்க.

நீங்க கவனிக்க வேண்டியது: ஷாட் மாறுற ஒவ்வொரு வெட்டுலயும் பின்னணி இரைச்சல் ஏறி இறங்குதா? ஏறி இறங்கினா, அந்த இடத்தோட சும்மா சத்தத்தை ஒரு 30 விநாடியாவது தனியா பதிவு செஞ்சு அடியில ஓட விடலன்னு அர்த்தம். டப்பிங்னா, ஆள் பத்தடி தள்ளி முற்றத்துல நிக்கும்போது குரல் காதுக்குள்ள கேக்குதான்னு பாருங்க.

பேச்சுமொழி இன்னொரு பொறி. குமரி மாவட்டம்னா ஒரே பேச்சுன்னு நினைச்சு எல்லாரையும் "மக்களே" போட வைக்கிறது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து நாஞ்சில் பேச்சு வேற, விளவங்கோட்டுப் பேச்சுல மலையாளம் கலந்து வர்றது வேற, கடற்கரை வேற. 1956 நவம்பர் 1 வரைக்கும் அன்னைக்கு இருந்த நாலு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துல இருந்த மண்ணு, அந்தக் கலப்பு வாய்ல தெரியத்தான் செய்யும். ஒரே வீட்டுல அம்மா குழித்துறையும் மகன் திருநெல்வேலியுமா பேசினா அது பிழை.

தொட்டிப்பாலம்:
என் பேரைக் கெடுத்த பாலமோருக்கு வணக்கம் 🙂 ட்ரோன் விஷயத்தில் அவர் கட்சிதான்.

கேமராவில் "சூப்பர்" என்பதை விட்டுவிட்டு இரண்டு பிழைகளைத் தேடுங்கள். சாயாக்கடை பெஞ்சில் இரண்டு பேர் எதிரெதிரே பேசுகிறார்கள் என்றால், அவர்கள் இருவரையும் இணைக்கும் ஒரு கோட்டுக்கு ஒரே பக்கத்தில் கேமரா இருக்க வேண்டும். காரணமில்லாமல் தாண்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பது போல் ஆகி, யார் யாரிடம் பேசுகிறார் என்று கண் தடுமாறும். அடுத்து, பழைய ட்யூப்லைட் வெளிச்சத்தில் பட்டை பட்டையாக ஓடுவது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த விளக்கு விநாடிக்கு 100 தடவை மினுங்கும். விநாடிக்கு 24 பிரேமில் எடுத்தாலும் ஷட்டரை 1/50 அல்லது 1/100 விநாடியில் வைத்தால் பட்டை வராது. போனை ஆட்டோ மோடில் விட்டால் வரலாம்.

ரப்பர் தோட்டத்தில் எடுத்த படங்கள் நிச்சயம் வந்திருக்கும். இலை வழி இறங்கும் ஒளியில் முகம் பச்சையடிக்கும். அதே நிழலில் வெள்ளை அட்டை பிடித்து வைட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி கேமராவின் நிறத்தைச் சரிசெய்வது) வைத்திருந்தால் தப்பிக்கலாம், ஒரு தெர்மாகோல் பலகையால் முகத்துக்கு வெளிச்சம் திருப்பினால் இன்னும் நல்லது. கண்டினியூட்டியும், அதாவது ஷாட்டுக்கு ஷாட் தொடர்ச்சியும் பாருங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் மரம் இலை உதிர்த்து, செம்பு நிறத்தில் துளிர்க்கும். ஒரே நாளில் நடக்கும் கதையில் ஒரு ஷாட்டில் அடர்ந்த பச்சையும் அடுத்ததில் மொட்டைக் கிளையும் இருந்தால் மீதியை மறுபடி போய் எடுத்திருக்கிறார்கள்.

நடிப்பைத் தனியாக மதிப்பிடுவது கடினம். ரஷ்யாவின் லெவ் குலெஷோவ் நூறு வருஷம் முன்பே சோதித்தது இது: ஒரே முகத்தின் ஒரே ஷாட்டை, சூப் கிண்ணத்தோடு வெட்டினால் பசி, சவப்பெட்டியோடு வெட்டினால் துக்கம். ஆகவே "என்ன அழுகை!" என்று மார்க் போடுமுன், அந்த அழுகை தேவையா என்று கேளுங்கள். 1955ல் வந்த சத்யஜித் ராயின் பதேர் பாஞ்சாலியில், மகள் இறந்ததை அறியாமல் ஊர் திரும்பிய கணவன் முன் தாய் உடைந்து அழும் இடத்தில் அவள் குரலே கேட்காது, தார் ஷெனாய் என்ற வில் வாத்தியம்தான் ஓங்கி ஒலிக்கும்.

குருசடிமுக்கு:
எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம்: மெதுவா போற படத்துக்கும் லேக்குக்கும் எங்க கோடு போடுறது? குழுவுல சண்டையே இதுலதான்.

பாலமோர்:
ஷாட் நீளத்தை வைத்துக் கோடு போட முடியாது. ஷாட்டுக்குள் ஏதாவது மாறிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். பால்வெட்டு முடிந்து சிரட்டையில் ரப்பர் பால் சொட்டுவதை 20 விநாடி காட்டலாம், பக்கத்தில் யாரோ நடந்து வரும் சருகுச் சத்தம் நெருங்கிக்கொண்டே இருந்தால். அந்தச் சத்தம் இல்லையென்றால் ஐந்தாவது விநாடியிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது, மீதி 15 லேக். வேகவேகமாக வெட்டிய படமும் லேக் அடிக்கும். பத்து ஷாட் காட்டியும் புதிதாக ஒன்றும் தெரியவில்லை என்றால் அதுவும் அதே வியாதிதான்.

முட்டம்காத்து:
தேர்வுக்கு உக்காரும்போது எல்லாப் படத்தையும் ஒரே ஸ்பீக்கர்ல, ஒரே அளவுல கேளுங்க. ஒருத்தர் போன்லயும் ஒருத்தர் ஹெட்செட்லயும் பாத்தா மார்க் ஒத்துவராது. சத்தம் கூடின படம் கேக்குறதுக்கு நல்ல படம் மாதிரியே இருக்கும், அதுல ஏமாறாதீங்க.

தொட்டிப்பாலம்:
முதல் தடவை குறிப்பெடுக்காமல் நிறுத்தாமல் பாருங்கள், பாலமோர் சொன்ன நிறுத்தல் எல்லாம் இரண்டாம் தடவைக்கு. ஒரே உட்காரலில் ஆறு படத்துக்கு மேல் வேண்டாம். ஏழாவதாக வருகிற படத்துக்கு அநியாயம் நடக்கும்.