காட்டுக்குள் மோட்டார் ஓடுகிற மாதிரி சத்தம், ஆளே இல்லை

பனிக்காட்டான்:
போன வாரம் அமெரிக்காவில் வடக்கு மினசோட்டா காட்டில் டென்ட் போட்டுத் தங்கினோம். விடியற்காலையில் யாரோ பழைய ஆயில் இன்ஜினைச் சுற்றிவிட்டது போல டுப்... டுப்... டுப், அப்புறம் டுபுடுபுடுபு என்று வேகம் பிடித்து, பத்து நொடிக்குள் அடங்கிவிட்டது. சில நிமிடம் கழித்து மறுபடியும். காதில் கேட்டதைவிட நெஞ்சுக்குள் அதிர்ந்ததுதான் அதிகம். நண்பர் ஜெனரேட்டர் என்கிறார், பக்கத்தில் வீடே கிடையாது. என்ன அது?

மண்வாசி:
அது பறவை! ரஃப்டு க்ரவுஸ், ஆண். முதல் தடவை கேட்டபோது எனக்கு பிரஷர் ஏறிவிட்டதோ என்று பயந்து உட்கார்ந்துவிட்டேன். விழுந்து கிடக்கும் மரத்தின் மேல் ஏறி, வாலை ஊன்றிக்கொண்டு சிறகை வீசும். மரத்தையும் தட்டாது, நெஞ்சிலும் அடித்துக்கொள்ளாது. சிறகு போகிற வேகத்தில் உண்டாகும் வெற்றிடத்துக்குள் காற்று பாய்கிறது பாருங்கள், அந்தச் சத்தம்தான். ஒரு தடவைக்குச் சுமார் 50 வீச்சு. சுமார் 40 ஹெர்ட்ஸ், அதாவது காதுக்கு எட்டுவதே கஷ்டமான தாழ்ந்த ஒலி என்பதால் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே பிடிபடாது. இது என் இடம் என்று மற்ற ஆண்களுக்குச் சொல்வதும் பெட்டையைக் கூப்பிடுவதும் இதிலேயே. அதோடு ஐயாவின் வேலை முடிந்தது. 9 முதல் 14 முட்டை வரை இட்டு, 24 நாள் போல அடைகாத்து, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிவதெல்லாம் பெட்டைதான்.

காடைக்கண்ணி:
நம்ம கௌதாரியா? இங்கே பக்கத்து வீட்டுக்காரர் பார்ட்ரிட்ஜ் என்றுதான் சொல்கிறார்.

மண்வாசி:
கோழி, மயில், கௌதாரி எல்லாம் இருக்கிற அதே குடும்பம், ஆனால் கௌதாரி இல்லை. பார்ட்ரிட்ஜ் என்பது அந்தப் பக்கத்து ஆட்களின் பேச்சு வழக்கு.

ஒற்றையடி:
குளிர்காலத்தில் பார்த்தால்தான் இதன் சாமர்த்தியம் தெரியும். இலையுதிர் காலத்திலேயே விரல் ஓரங்களில் சீப்புப் பல் மாதிரி முளைத்துவிடும், பனியில் கால் புதையாது. ஆஸ்பென் மரத்தின் பூமொட்டுகளைத் தீனிப்பை நிறையக் கொத்திக்கொண்டு, பறந்த வேகத்திலேயே பொடிப்பனிக்குள் பாய்ந்து புதைந்துகொள்ளும். நடந்து போகாததால் நரிக்குக் கால்தடமும் கிடைக்காது. பனிச்சறுக்கில் போகும்போது ஒருமுறை காலடியிலிருந்து வெடித்துக் கிளம்பியது, நான் விழுந்தேன், அது போய்விட்டது. பனிமேல் மழை பெய்து மேல்பரப்பு இறுகிவிட்டால்தான் பாவம், உள்ளே போக முடியாது.

பனிக்காட்டான்:
அடடா! நாங்கள் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் மரம் வெட்டியிருந்தார்கள். அதனால் இதற்கு ஆபத்தா?

ஒற்றையடி:
தலைகீழ். வெட்டினால் ஆஸ்பென் வேரிலிருந்தே நெருக்கமாகத் தளிர்த்து வரும். அந்த அடர்த்திக்குள் பருந்து நுழைவது கஷ்டம், குஞ்சுகளுக்கு வேண்டிய பூச்சியும் கிடைக்கும். மொட்டுக்கு மட்டும் முதிர்ந்த மரமும் பக்கத்தில் வேண்டும். பென்சில்வேனியாவின் மாநிலப் பறவையே இதுதான், 1931 முதல். அங்கே இளங்காடு குறைந்து, கொசு பரப்பும் வெஸ்ட் நைல் வைரஸும் சேர்ந்து எண்ணிக்கை இறங்கிவிட்டது. ஒரேயடியாக மொட்டையடிப்பதை நான் ஆதரிக்கவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.

பனிக்காட்டான்:
நண்பருக்கு அனுப்பிவிட்டேன். இன்னும் ஜெனரேட்டர்தான் என்கிறார். அடுத்த வாரம் மறுபடியும் போகிறோம்.