நாரைக் குடலில் தட்டைப்புழு: எந்தக் குடும்பம்?

உட்லண்ட்ஸ்_நிலா:
பாலிடெக்னிக் கடைசி வருட புராஜெக்ட். சிங்கப்பூரில் கிராஞ்சி பக்கம் செத்துக் கிடந்த சாம்பல் நாரை ஒன்று, அனுமதியோடு எங்கள் லேபுக்கு வந்தது. ஃப்ரீசரில் இருந்தது. சிறுகுடலைக் கீறி உப்புநீரில் அலசினால் வெளிர் நிறத்தில் புழுக்கள், அரிசியைவிடச் சின்னவை. கணுக்கள் இல்லை, இரண்டு உறிஞ்சிகள் உண்டு. அதனால் நாடாப்புழு இல்லை என்பது வரை சரி. குடும்பம் வரை கண்டுபிடித்தால் போதும் என்கிறார் ஆசிரியர். எதைப் பார்ப்பது?

ஈசூன்_பழைய_லேப்:
நிறத்தையும் நீளத்தையும் விடுங்க, அவை ஆளை ஏமாற்றும். வாய் உறிஞ்சியைச் சுற்றிக் கழுத்துப்பட்டி மாதிரி ஒரு விளிம்பு, அதில் முட்கள் இருக்கிறதா என்று பாருங்க. இருந்தால் எக்கினோஸ்டோமாடிடே குடும்பம், அல்லது அதன் நெருங்கிய உறவுக் குடும்பம். முட்களை எண்ணணும். எக்கினோஸ்டோமா ரெவலூட்டம் வகையறாவுக்கு 37, நடுவில் விடாமல் ஓடும். எக்கினோகாஸ்மஸ் பேரினத்தில் முதுகுப்புறம் வரிசை அறுந்திருக்கும்; முன்பு அதையும் எக்கினோஸ்டோமாடிடேயில் வைத்திருந்தார்கள், இப்போது எக்கினோகாஸ்மிடே என்று தனிக் குடும்பம். இந்தப் புழுவின் இளம்பருவம் மீனின் செவுளில் தங்கும், நாரை தின்பதும் மீன்தானே.

ஆனால் ஃப்ரீசர் பறவை என்கிறீங்களே, அதுதான் தொல்லை. செத்து ஊறிய புழுவில் முட்கள் கொட்டிவிடும். ஒன்றை மட்டும் பார்த்து 'முள் இல்லை' என்று எழுதிவிடாதீங்க. லாக்டோஃபீனாலில் தெளியவைத்து, இருக்கிற எல்லாவற்றையும் பாருங்க. அடுத்த முறை பறவை கிடைத்தால் குளிரில் மட்டும் வைத்துச் சீக்கிரம் திறங்க. உயிருள்ள புழுவை நன்றாகச் சூடேறிய உப்புநீரில் போட்டால் நீட்டிக்கொண்டு சாகும். கண்ணாடிச் சில்லுக்கு நடுவே நசுக்குவது எனக்குப் பிடிக்காது, அளவெல்லாம் மாறிப்போகும்.

உட்லண்ட்ஸ்_நிலா:
நன்றி அங்கிள். முட்கள் உண்டு, முதுகுப்புறம் இடைவெளியும் தெரிகிறது! இன்னொரு வகைப் புழுவும் இருக்கிறது. முன்பாதி கிண்ணம் போல் குழிந்து, பின்பாதி உருளையாக, நடுவில் ஒடுக்கம்.

ஈசூன்_பழைய_லேப்:
அது ஸ்ட்ரிஜியிடே குடும்பம். நாரைகளில் அதன் அபாரிங்கோஸ்ட்ரிஜியா பேரினம் அடிக்கடி வரும். அதற்கு ஃபாரிங்ஸ் (வாயை அடுத்த தசைத் தொண்டை) கிடையாது. அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றினால்தான் நிச்சயமாகச் சொல்லலாம். சினைப்பை, விதைப்பைகள் எங்கே இருக்கின்றன என்று வரைந்துகொள்ளுங்க. போனில் எடுத்த படத்தை வைத்து இனம் வரை பேர் சொல்ல யாராவது முன்வந்தால் நம்பாதீங்க.

குழாய்_மூடி:
எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிடாதீங்க, டிஎன்ஏ கெட்டுவிடும். மாதிரிக்குச் சிலதை 95% எத்தனாலில் தனியாக வையுங்க. குழாய்க்குள் போடும் சீட்டில் பென்சிலால் எழுதுங்க, பேனா மை கரைந்துவிடும். பறவையின் எண், குடலின் எந்தப் பகுதி, தேதி. குருட்டுக்குடலைத் தனியாக அலசினீங்களா? நோட்டோகோட்டைலஸ் என்ற தட்டைப்புழு அங்கேதான் இருக்கும். வயிற்று உறிஞ்சியே இருக்காது, அதனால் பலர் தவறவிடுவார்கள். வாத்து, நீர்க்கோழி கையில் வந்தால் கட்டாயம் பாருங்க.

உட்லண்ட்ஸ்_நிலா:
நாரையின் குருட்டுக்குடல் நுனிவிரல் அளவுகூட இல்லை அண்ணா, அதிலும் ஒன்றுமில்லை. எத்தனால் எடுத்து வைத்துவிட்டேன். சாயம் நாளைக்கு.