மேம்பாலத்தை மலையாக நினைத்து ஓடுகிறேன், போதுமா?

வணக்கம். வீடு வியாசர்பாடியில். ஜனவரியில் முதல் முழு மராத்தான், 42.195 கிலோமீட்டர். நடுவில் நண்பன் பேச்சைக் கேட்டு ஏலகிரியில் ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். 14 கொண்டை ஊசி வளைவு உள்ள மலை! என் ஞாயிற்றுக்கிழமை ஓட்டமெல்லாம் காசிமேட்டிலிருந்து எண்ணூர் பக்கம், கன்டெய்னர் லாரிகளோடு. தரை தட்டு மாதிரி இருக்கும்.

ஏற்றம் என்றால் எனக்குப் பெரம்பூர் மேம்பாலம்தான். போன வாரம் விடியற்காலையில் எட்டு முறை ஏறி இறங்கினேன். ஏறும்போது மூச்சு வாங்கியது, சரி. இறக்கம்தான் ஆளைச் சாய்த்தது. மறுநாள் மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்கினேன், அம்மா சிரித்தார். இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே எடையைத் தாங்குவதால் வரும் வலி அது, பழகப் பழகக் குறையும் என்கிறார்கள். வாரம் ஒருமுறை செய்தால் போதுமா?

அப்புறம், ஏலகிரி ஓட்டம் வரும் வாரம் மராத்தான் பயிற்சிக்காக 24 கிலோமீட்டர் ஓட வேண்டியது பாக்கி இருக்கிறது. மலை ஓட்டத்தையே அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாமா? மலையில் கடிகாரத்தைப் பார்க்காமல் மூச்சை வைத்தே ஓடலாம் என்றிருக்கிறேன். செங்குத்தான இடத்தில் நடந்தால் நேரம் ரொம்பப் போகுமா? மலையில் ஓடியவர்கள் சொல்லுங்கள்.